உதடு மரத்துவிட்டது, பல் ஏன் மரக்கவில்லை?

கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். உதடு தடித்துத் தொங்குவதுபோல் இருக்கும். நாக்கில் பாதியைக் காணோம். "மரத்துப்போச்சா?" என்று மருத்துவர் கேட்பார், "போச்சு" என்று தலையாட்டுவோம். கருவி பல்லைத் தொட்டதும் சுரீரென்று இழுக்கும். பல் மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்பவர்களில் பலருடைய பயம் இந்த ஒரு கணத்தில்தான் தொடங்குகிறது. அது ஏன் நேர்கிறது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு, சரிசெய்ய வழியும் உண்டு.

மரப்பு ஊசியில் இருப்பது பெரும்பாலும் லிக்னோகெயின். 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து இது. நரம்பு வழியாக வலிச் செய்தி ஓட வேண்டுமானால், நரம்பின் சவ்வில் இருக்கும் நுண்ணிய கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். மருந்தின் மூலக்கூறு சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கிருந்து அந்தக் கதவை அடைத்துவிடும். பல்லில் கருவி வைக்கும் செய்தி வழியிலேயே நின்றுவிடும், மூளைக்குப் போய்ச் சேராது.

சவ்வைக் கடக்க மூலக்கூறு மின்னூட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். உடலின் இயல்பான நிலையில் செலுத்திய மருந்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்படி இருக்கும், அதுவே போதும். சீழ் கோத்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அமில அளவைக் காட்டும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.4-இலிருந்து 6.4-க்கு இறங்கினால் அந்தப் பங்கு நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கும். அதனால்தான் வீக்கத்தின் நடுவிலேயே ஊசி போட்டால் சரியாக மரப்பதில்லை. சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியில் போடுவார்கள்.

மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் ஊசி போடும் முறையே வேறு. மேல் தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லுக்கு நேர் மேலே ஈறும் கன்னமும் சேரும் மடிப்பில் மருந்தைச் செலுத்தினால் எலும்பு வழியாக ஊறி வேர்முனையை எட்டிவிடும், சில நிமிடங்களில் வேலை தொடங்கலாம். கீழ்க் கடவாய்ப் பகுதியில் எலும்பு கெட்டி, மருந்து ஊறாது. ஆகவே தாடையின் உட்புறத்தில் நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகே போய்த்தான் மருந்தை விட வேண்டும். கடைசிப் பல்லுக்கும் பின்னால், 2 முதல் 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது அந்த இடம். அந்தத் துளை ஆளுக்கு ஆள் சற்று மேலே கீழே இருக்கும். நல்ல கைப்பழக்கம் உள்ளவருக்கும் சில வேளை குறி தப்பும். அப்போது இரண்டாவது ஊசி தேவைப்படுவது சாதாரணம்தான், ஏதோ விபரீதம் என்று பயப்பட வேண்டாம்.

மேல் பல்லைத் தொட்டால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. பார்வைக்கு ஒரு தனி நரம்பு, மேல் பற்களின் உணர்வுக்கு முற்றிலும் வேறொரு நரம்பு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆகாது. இந்த நம்பிக்கையால் சொத்தைப் பல்லோடு வருடக்கணக்கில் அவதிப்படுபவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஊசி குத்துவதே வலிக்குமே என்பவர்களுக்கு: பல் ஊசி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் தடிமன்தான். குத்துவதைவிட, மருந்தை வேகமாக அழுத்தித் தள்ளுவதுதான் அதிகம் வலிக்கும். திசுவுக்குள் திடீரென்று அழுத்தம் ஏறுகிறது. போதாக்குறைக்கு அட்ரினலின் கலந்த மருந்து கெடாமலிருக்க அதைச் சற்று அமிலமாக வைத்திருப்பார்கள், அது எரிச்சல் தரும். ஒரு மில்லிலிட்டர் மருந்தை ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்தினால் எரிச்சல் வெகுவாகக் குறையும். முன்கூட்டியே ஈறைப் பஞ்சால் துடைத்து, மரப்பு ஜெல்லை ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் குத்துவதும் அவ்வளவாகத் தெரியாது. எச்சில் ஈரத்தின் மேல் தடவிய ஜெல்லால் பயன் குறைவு. "மெதுவாகப் போடுங்கள், முதலில் ஜெல் வையுங்கள்" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அட்ரினலின் எதற்கு? லிக்னோகெயின் இரத்தக்குழாய்களை விரிக்கும். தனியாகப் போட்டால் இரத்தம் அதைச் சீக்கிரம் அடித்துக்கொண்டு போய்விடும். அட்ரினலின் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கும். நம் ஊர் மருந்துகளில் பரவலாக இருக்கும் அளவு 80,000-இல் ஒரு பங்கு. அதில் சிறிது இரத்தத்தில் கலந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். இதைத்தான் பலர் "எனக்கு இந்த ஊசி ஒத்துக்காது" என்று ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஊசியின்போது அடிக்கடி நேர்வது மயக்கம். பயமும் வெறும் வயிறும் சேர்ந்தால் அது வரும். ஆகவே மரப்பு ஊசி போடும் சிகிச்சை என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இதய நோய், இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம் எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி அந்தச் சுரீருக்கு வருவோம். பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக்குழாயும் சேர்ந்த மென்திசு இருக்கிறது. சொத்தை அதை எட்டியதும் திசு வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறும், படுத்தால் இன்னும் ஏறும். இரவில் விண்விண்ணென்று தெறிப்பது இதனால்தான். இந்த நிலையில் நரம்பே மாறிவிடுகிறது. சின்னத் தூண்டலுக்கும் துடிக்கும். லிக்னோகெயினுக்கு எளிதில் அடங்காத வகைச் சோடியம் கதவுகள் அதில் கூடுகின்றன. தாடையின் உட்புறத்தில் போட்ட ஊசி குறி தப்பாமல் விழுந்து உதடு நன்றாக மரத்தாலும், பல்லுக்குள் செய்தி ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே உதட்டை மட்டும் நம்பக் கூடாது. குளிரூட்டும் மருந்து தெளித்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்து, கூச்சம் இல்லை என்று உறுதியான பிறகு தொடங்குவதே சரியான முறை.

கூச்சம் இருந்தால் அடுத்த படிகள் உண்டு. ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தை, 4 சதவீத அளவில், கன்னப் பக்கம் போடலாம். பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நாரில் சில துளிகளை அழுத்திச் செலுத்தலாம். எல்லாம் போதாமற்போனால் பல்லின் நடுவிலுள்ள அந்த மென்திசுவுக்குள்ளேயே நேராக ஒரு துளி. அது ஒரு நொடி கடுமையாக வலிக்கும், அத்தோடு தீர்ந்தது. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையை எடுத்துக்கொண்டால் ஊசி நன்றாகப் பிடிக்க உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவது இந்த வலிக்கு உதவாது. ஈறில் ஆஸ்பிரினையோ புகையிலையையோ அடக்கிவைத்தால் ஈறு வெந்து புண்ணாகும், அவ்வளவுதான்.

ரூட் கெனால் என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. செய்வது இதுதான்: அழுகிய திசுவை எடுத்து, வேர்க்குழாயைக் கழுவி, அடைப்பது. முதலில் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் தொண்டைக்குள் இறங்காமலும் எச்சில் கிருமி பல்லுக்குள் போகாமலும் அது காக்கும். மூக்கால் மூச்சு விட முடியாவிட்டால் முன்பே சொல்லுங்கள். பிறகு பல்லின் மேற்பகுதியில் துளையிட்டு குழாய்களைத் தேடுவார்கள். முன்பல்லுக்கு வழக்கமாக ஒன்று. கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு மூன்றோ நான்கோ. மேல் கடவாய்ப் பல்லில் நான்காவது குழாய் அடிக்கடி ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் மாதங்கள் கழித்து வலி திரும்பலாம்.

குழாயின் நீளத்தை மின்கருவியால் அளந்து, வேர்முனைக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துவார்கள். குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முதலில் நுழையும் அரம் நுனியில் 0.1 அல்லது 0.15 மில்லிமீட்டர்தான், தலைமுடித் தடிமனை ஒட்டியது. வளைந்த குழாயில் நிக்கல் டைட்டானியம் அரம் வளைந்துகொடுக்கும், ஆனாலும் சில நேரம் உள்ளே ஒடியும். ஒடிந்ததாலேயே பல் போய்விடாது, அதற்கு முன் எவ்வளவு சுத்தம் செய்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு. உண்மையில் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு கழுவும் திரவத்துக்கே, அரம் எட்டாத இடுக்கிலும் அதுதான் போகும். அந்தத் திரவம் வேர்முனையைத் தாண்டினால் உடனே கடும் வலியும் வீக்கமும் வரும். ஆகவே அழுத்தாமல் மெல்லத்தான் விட வேண்டும். கடைசியில் மலேயக் காட்டு மரத்தின் பாலிலிருந்து வரும் கட்டபெர்ச்சாவால் குழாயை அடைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த அதே பொருள்.

ரூட் கெனால் முடிந்தபின் இரண்டு மூன்று நாளுக்குக் கடித்தால் வலிக்கும். "நரம்பையே எடுத்துவிட்டார்களே, எப்படி வலிக்கும்?" வலிப்பது வேரைச் சுற்றியுள்ள நார், அதன் நரம்பு வேறு. நாளுக்கு நாள் குறைந்தால் சரி. வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போக வேண்டும். கடவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள், நடுவில் குடைந்த பல் மெல்லும்போது பிளந்துவிடும்.

பல் பிடுங்குவதில் வேறொரு குழப்பம் உண்டு. மருந்து வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகளை எளிதில் அடக்கும், அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகளை முழுதாக அடக்காது. ஆகவே தள்ளுவதும் ஆட்டுவதும் நன்றாகத் தெரியும், நெறுநெறுவென்ற சத்தம் எலும்பு வழியாகக் காதுக்குள்ளேயே கேட்கும். மருத்துவர் பல்லை மேலே இழுப்பதைவிட, அசைத்து அசைத்துக் குழியைச் சற்று விரிக்கிறார். இந்த அழுத்தம் எதிர்பார்க்க வேண்டியது. கூர்மையாகச் சுரீரென்றால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். இடது கையைத் தூக்குங்கள். "கை தூக்கினால் நிறுத்துவீர்களா?" என்று தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லைப் பிடுங்கியபின் வைக்கும் பஞ்சை முப்பது நாற்பது நிமிடம் எடுக்காமல் கடித்திருங்கள். அன்று முழுவதும் துப்பக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது, புகை கூடாது. குழியில் உறைந்த இரத்தம்தான் எலும்புக்கு மூடி. அது பெயர்ந்தால் சில நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும், கீழ் ஞானப்பல்லில் இது அதிகம். அப்படி வந்தால் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தாலே வலி நன்றாகக் குறையும். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீரால் மெல்ல அலசலாம். கீழ்த் தாடை ஊசிக்குப் பிறகு உதடு மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்தே இருக்கும். அதுவரை சூடான காபி வேண்டாம். குழந்தையானால் அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், உணர்வில்லாத உதட்டை மென்றே புண்ணாக்கிவிடும்.