வலிக்காத பாதத்தைப் பார்த்துக்கொள்ள இருவர் வேண்டும்

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்துபோய், யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்ன பிறகு திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. “நினைப்பெல்லாம் எங்கே இருக்கு?” என்று வீட்டில் திட்டு விழும். நினைப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். செருப்பு போய்விட்டது என்ற செய்திதான் பாதத்திலிருந்து மூளைக்கு வந்து சேரவில்லை. பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு இப்படி நடந்தால், அன்றைக்கே அவர் பாதத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எல்லா உறுப்பும் இருக்க, பாதம் ஏன் முதலில் மரத்துப்போகிறது? தூரம்தான் காரணம். கால் கட்டைவிரல் நுனியில் தொடங்கும் நரம்பு இழையின் செல், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஏறத்தாழ 1 மீட்டர். இழை முழுவதையும் உயிரோடு வைத்திருக்கத் தேவையான புரதங்களை அந்த ஒரு செல்தான் தயாரித்து நுனிவரை அனுப்ப வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால், நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் மிக நுண்ணிய குழாய்கள் கெடுகின்றன. செல்லுக்குள் சக்தி உண்டாவதும் தடுமாறுகிறது. நீளமான இழைதான் முதலில் தள்ளாடும். அதனால் மதமதப்பு விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறையை மெல்ல மேலே இழுப்பது போல ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்குகின்றன. ஏனென்றால் கைவிரல் நுனிக்குப் போகும் இழைகளும் முழங்காலுக்குப் போகும் இழைகளும் ஏறக்குறைய ஒரே நீளம்தான்.

சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு என்று முன்னறிவிப்பு இருக்கும். பலருக்கு ஒன்றுமே இருக்காது. வலி வந்தால் தெரிந்துவிடும், வலி போனால் எப்படித் தெரியும்?

வலி போவதன் விலையை மருத்துவ உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். நோய்தான் விரல்களை அழுகி உதிரச் செய்கிறது என்று பரவலாக நம்பிய காலம் அது. வலி தெரியாததால் படும் காயங்களும், அவற்றைக் கவனிக்காமல் அதே காலால் நடப்பதும்தான் பெரும்பாலும் காரணம் என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதை நடப்பதை எடுத்துச் சொன்னார். அவர் கவனித்த ஒன்று என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. உணர்வுள்ள ஒருவர் வெகுதூரம் நடக்கும்போது, தமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஓரிடம் நோகத் தொடங்கியதும் எடை வேறு பக்கம் சாயும். உணர்வில்லாதவரோ முதல் அடி எப்படி வைத்தாரோ, ஐயாயிரமாவது அடியையும் அப்படியே, அதே இடத்தில் வைக்கிறார்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகளும் கெட்டிருப்பதால் விரல்கள் மடங்கி நகம் போல வளைகின்றன. விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைகள் கீழே துருத்துகின்றன. அழுத்தம் தாங்காத தோல் அங்கே தடித்துக் காய்ப்பு ஆகிறது. தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு இது. ஆனால் கெட்டியான காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. அடியில் சதை நசுங்கி ரத்தம் கசியும். வெளியிலிருந்து பார்த்தால் காய்ப்புக்கு நடுவே ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். உள்ளே புண் தொடங்கிவிட்டது. வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்புகளும் ஓய்ந்துவிடுவதால் தோல் வறண்டு குதிகாலில் வெடிப்பு விடும், கிருமி நுழைய வழி கிடைக்கும். காலுக்கு வரும் ரத்தக்குழாய்களும் அடைத்திருந்தால் புண் ஆறவே ஆறாது. சர்க்கரை நோயால் காலை எடுக்க நேர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், முதலில் வந்தது ஒரு சாதாரணப் பாதப் புண்தான்.

உணர்வு இருக்கிறதா என்று மருத்துவமனையில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். கருவியே இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011ல் வெளியிட்டது. அதற்கு வேண்டியது இன்னொரு மனிதர் மட்டுமே. ஒருவர் கண்ணை மூடிக் காலை நீட்டிக்கொள்கிறார். மற்றவர் ஆட்காட்டி விரலால், இறகு பட்டது போல, ஓரிரு விநாடி கால்விரல் நுனியைத் தொடுகிறார். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். தொடுவது தெரிந்ததும் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். சொல்லாத விரலை மறுபடி தொட்டு இன்னொரு வாய்ப்புத் தரக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்தில் இருக்கிறது. மூன்று விரல் தொட்டு முடிந்த பிறகு, கண் மூடியிருப்பவர் “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டால், வேறு விளக்கமே தேவைப்படாது.

அந்த இன்னொருவர் சர்க்கரை நோயாளியாகவே இருந்தால் என்ன? நான் அதைத்தான் வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். மிக ஆபத்தான நிலையில் இருக்கும் பாதத்தைக்கூட மருத்துவர் பார்ப்பது 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை. மிச்ச நேரமெல்லாம் பாதம் நம் பொறுப்பில். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க இடுப்பு ஒத்துழைக்காத வயது, கண்பார்வையும் மங்கியிருக்கும். புண் ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்துக்குள் புண் திரும்ப வருகிறது.

இதில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. கடைப்பிடிப்பதில்தான் சிக்கல். அழுத்தம் படாமல் காக்கும் கழற்றி மாட்டக்கூடிய காலணியைப் புண் உள்ளவர்களிடம் கொடுத்து, அவர்கள் நடந்த அடிகளை எண்ணிப் பார்த்தது 2003ல் வந்த ஓர் ஆய்வு. மொத்த அடிகளில் 28 சதவீதம் மட்டுமே அந்தக் காலணியோடு நடந்தவை. கனமாக இருக்கிறது, வீட்டுக்குள்தானே, இரண்டு எட்டுதானே என்று ஆயிரம் சமாதானங்கள். வலி இருந்தால் அது விடுமா? வலி இல்லாத இடத்தில், “நானும் அப்படித்தான் கழற்றி வைத்தேன், புண் திரும்ப வந்தது, இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்” என்று சொல்லும் ஒரு குரல் போய்ச் சேருகிறது. மருத்துவரிடம் மறைத்ததை அந்தக் குரலிடம் மறைக்கத் தோன்றாது.

சக நோயாளி துணை என்பது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு 2010ல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த சோதனையைச் சொல்லலாம். ஒரு குழுவினர் இருவர் இருவராகச் சேர்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள், மற்றக் குழுவுக்குச் செவிலியர் உதவி. ஆறு மாதத்தில் ஜோடி சேர்ந்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c, சதவீதத்தில் சொல்வார்கள்) சற்றுக் குறைந்தது, மற்றவர்களுக்குச் சற்று ஏறியது. இரண்டுக்கும் இடைவெளி 0.58 சதவீதப் புள்ளி. அளந்தது சர்க்கரையைத்தான், பாதத்தை அல்ல. என்றாலும் நரம்பைக் கெடுப்பதே அந்தச் சர்க்கரைதான். இன்னொருவரை “கால் பார்த்தீர்களா?” என்று கேட்கப் போகிறவர், தன் காலைப் பார்க்காமல் கேட்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜோடி செய்யக் கூடாதவையும் உண்டு. அடுத்தவர் காய்ப்பைப் பிளேடால் சீவக் கூடாது, ஆணிக்கால் மருந்துப் பட்டையை ஒட்டச் சொல்லக் கூடாது, தன் மாத்திரையைப் பரிந்துரைக்கக் கூடாது. பார்ப்பதும் கேட்பதும் மருத்துவரிடம் கிளப்பி அனுப்புவதும்தான் வேலை. இரு பாதங்களிலும் ஒரே இடத்தைப் புறங்கையால் தொட்டு ஒப்பிடலாம். தோல் வெப்பமானி இருந்தால், ஒரு பக்கம் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு கூடி, மறுநாளும் அப்படியே இருந்தால், நடையைக் குறைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். அடிபட்ட ஞாபகமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சுட்டால், வலிக்காவிட்டாலும் கால் ஊன்றக் கூடாது. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 19ஆம் நூற்றாண்டில் விவரித்த மூட்டு நோய் அது, அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

மற்ற நாளில் தொலைபேசிப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விரலிடுக்கைத் துடைத்தாச்சா? இடுக்கை விட்டுவிட்டுக் குதிகாலுக்கு மட்டும் களிம்பு போட்டாச்சா? செருப்பை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுப் பார்த்தாச்சா? “பார்த்தேன், ஒரு சின்ன ஆணி குத்திக்கிட்டு நின்னுச்சு” என்று எதிர்முனையில் பதில் வரும். எத்தனை நாளாக அது அங்கே இருந்தது என்று பாதத்தைக் கேட்டால் தெரியாது.