கைநாட்டு இருந்தது, பேசியது இல்லை

"நாலு ஓட்டைன்னுதானே சொன்னீங்க டாக்டர்?" தையல் பிரிக்க வந்த அம்மா, வலது விலாவுக்குக் கீழே நீளமாக ஓடிய தையல் வரிசையைக் காட்டிக் கேட்டார். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி, அதாவது சின்ன ஓட்டைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன் என்று ஆரம்பித்தது. உள்ளே எல்லாம் ஒட்டிப்போய் இருந்ததால் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அப்படி நேரலாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் அச்சடித்த கன்சென்ட் ஃபார்ம் (ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம்), அதில் அவருடைய கைநாட்டு, சாட்சியாக மகனின் கையெழுத்து. நான் சொன்னது மட்டும் ஒரு வரிகூட இல்லை.

பல இடங்களில் நடப்பது இதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு சிஸ்டர் ஃபார்மை நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்பார். என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய இடம்கூடச் சில சமயம் காலியாக இருக்கும்.

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், காரணம் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோபிக்கு ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த தாயிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாமோ இன்னும், "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று மனைவியைக் காக்கவைக்கிறோம்.

இப்போது ஃபார்ம் தனி, என் குறிப்பு தனி. பேசி முடித்த கையோடு, நேரம் போட்டு நானே எழுதுகிறேன்: "மாலை 4.30. மகன் உடன் இருந்தார். ஆபரேஷன் செய்யாவிட்டால் வலி திரும்பலாம், மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் வரலாம் என்று சொன்னேன். ஒட்டியிருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். பித்தக்குழாயில் காயம் அபூர்வம், ஆனால் பெரிய சிக்கல். 'களையெடுக்க எப்போ போகலாம்?' என்று கேட்டார். திறந்து செய்தால் ஆறு வாரமாவது ஆகும் என்றேன்." அந்தக் களையெடுப்புக் கேள்விதான் முக்கியம். அச்சடித்த ஃபார்ம் எல்லோருக்கும் ஒன்று, அந்தக் கேள்வி அவருடையது மட்டும். வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே மாதிரி எழுத வேண்டும். அதைத்தான் நாம் அடியோடு மறந்துவிடுகிறோம்.

நோயாளிகளுக்கும் ஒன்று: மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக, "என்ன பண்ணப்போறோம்னு இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்பேன். "கல்லை எடுத்துட்டுப் பையைத் தைச்சுடுவீங்க" என்பார்கள். பையையே எடுப்போம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஓபி வரிசை நீளும், நீளட்டும். குறிப்பில் அதுவும் ஏறும்: "கல் மட்டும் என்று நினைத்திருந்தார். படம் வரைந்து மறுபடி விளக்கினேன்."