27 சதவீதம் என்றால், எதில் 27?

2023 செப்டம்பரில் மக்களவையில் மகளிர் இடஒதுக்கீடு மசோதா விவாதம். மத்திய அரசின் 90 செயலாளர்களில் மூன்று பேர்தான் ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர், என்றார் ராகுல் காந்தி. பாஜக எம்.பி.க்களில் 85 பேர், அதாவது 29 சதவீதம், ஓபிசி என்றார் அமித் ஷா. ஒருவர் அதிகாரிகளை எண்ணினார், மற்றவர் எம்.பி.க்களை. அன்று செயலாளர் பதவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஓபிசி ஒதுக்கீடு வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்கள். எம்.பி. சீட்டோ கட்சி கொடுப்பது, அதில் ஓபிசி ஒதுக்கீடே கிடையாது. விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு கணக்காலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சட்டம் தரும் உரிமை இவ்வளவுதான்: 1993 முதல் மத்திய அரசின் நேரடி நியமனங்களில் 27 சதவீத இடம் ஓபிசிக்கு. பதவி உயர்வில் கிடையாது. அதனால் 'ஒதுக்கீடு 27' என்பதும் 'பணியில் இருப்பவர்கள் 27' என்பதும் ஒன்றல்ல. 1.1.2016 நிலவரப்படி பணியில் இருந்த ஓபிசியினர் 21.57 சதவீதம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. மேடையில் பேசுகிறவர் தனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்வார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை நம் ஊர்ப் பிள்ளைகள் வாய்ப்பை இழப்பது தேர்வறையில் மட்டுமல்ல, சான்றிதழிலும்தான். கையில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இருக்கிறதே, அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மத்திய அரசு வேலைக்கு அது செல்லாது. ஓபிசி சான்றிதழ் என்று தனியாக, மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். பெயரின் எழுத்து உட்பட முதலில் அதைச் சரிபாருங்கள். அப்புறம் அறிவிக்கையைப் படியுங்கள்: சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். தேதி தவறினால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

வருமான வரம்பு அடுத்த பொறி. ஆண்டுக்கு எட்டு லட்சத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாண்டினால் 'கிரீமி லேயர்', அதாவது வசதி படைத்த பிரிவு, ஒதுக்கீடு கிடையாது. பார்க்க வேண்டியது பெற்றோரின் வருமானத்தை, உங்களுடையதை அல்ல. அதிலும் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அப்பா குரூப் சி நிலையில், அதாவது எழுத்தர் போன்ற கீழ்நிலைப் பணியில், உள்ள அரசு ஊழியர், சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது என்று வையுங்கள். வேறு வருமானமோ பெரிய சொத்தோ இல்லையென்றால் பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஆனால் சம்பளச் சீட்டைப் பார்த்ததுமே 'கிரீமி லேயர்' என்று மனுவைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். 'நிராகரிப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல மனுக்கள் நகர்ந்துவிடும்.

வேலை வழங்கும் துறையின் கணக்கிலும் ஏமாற வழி இருக்கிறது. வயதுத் தளர்வு போன்ற சலுகை எதையும் பயன்படுத்தாமல், பொதுப் பிரிவு கட்-ஆஃபைத் தாண்டித் தேர்வான ஓபிசி மாணவரைப் பொது இடத்தில்தான் வைக்க வேண்டும். அவரை ஒதுக்கீட்டு இடத்தில் எழுதிவிட்டால் 27 நிரம்பிவிட்டதாகக் காகிதம் காட்டும், அடுத்து நின்ற ஒருவரின் வேலை போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே இடம் ரோஸ்டர் பதிவேடு. எந்த வரிசை எண் யாருக்கு, அதில் எந்தப் பிரிவினர் அமர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதைக் கேட்கலாம். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'உங்கள் துறையில் ஓபிசிக்கு எத்தனை சதவீதம்?' என்று கேட்டால் 'விதிகளின்படி 27' என்று ஒரு வரி வரும், முப்பது நாள் வீண். இப்படிக் கேளுங்கள்: 'இன்ன பதவிக்கான நேரடி நியமன ரோஸ்டர் பதிவேட்டின் நகல், ஓபிசி பின்னடைவுக் காலியிடங்களின் (முந்தைய ஆண்டுகளில் நிரப்பாமல் விட்டவை) எண்ணிக்கை, பொதுப் பட்டியலில் தேர்வான ஓபிசியினரின் எண்ணிக்கை.' எண்ணிக்கை கேட்கும்போது குரூப் ஏ, பி, சி என்று தனித்தனியாகக் கேளுங்கள். கீழ்நிலைப் பணிகளில் இருப்பவர்களையும் சேர்த்து மொத்த சதவீதத்தைக் காட்டினால், மேல்நிலைப் பதவிகளில் இருக்கும் பள்ளம் மறைந்துவிடும்.

'தனிநபர் தகவல்' என்று மறுப்பார்கள். பெயர்களை மறைத்துவிட்டு மீதியைத் தாருங்கள், சட்டத்தின் 10வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்றால், பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், அதுவும் உங்கள் உரிமை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்' என்று போனில் சொல்வதை நம்பிப் பொறுத்தால் கெடு தாண்டிவிடும். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலும் தபால் ரசீதும் உங்கள் கையில் இருக்கட்டும்.