மதுரை வெயிலில் கண்ணாடி வீடு எதற்கு?

சித்திரை மாதத்தில், மதுரையில், கண்ணாடிக் கூரை போட்டுச் செடி வளர்க்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "செடி வளர்க்கவா, வத்தல் காயப்போடவா?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கண்ணாடி வீடு குளிர்நாட்டுக்காரர்களின் தேவையில் பிறந்த சங்கதி.

லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 1761-இல் ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். பார்க்க அழகுதான், உள்ளே மரங்களுக்கு வெளிச்சம் போதவில்லை. அந்தக் காலத்தில் பிரிட்டனில் கண்ணாடிக்குத் தனி வரி இருந்தது. அது 1845-இல் ஒழிந்தது. அதே கியூவில் 1844-இல் தொடங்கி 1848-இல் முடிந்த 'பாம் ஹவுஸ்' என்னும் பனை வீட்டில் சுவரே கிடையாது என்று சொல்லலாம். மெல்லிய இரும்பு வளைவுகள், மற்றதெல்லாம் கண்ணாடி. வடிவமைத்தவர்கள் டெசிமஸ் பர்ட்டனும் இரும்பு வேலையில் கைதேர்ந்த ரிச்சர்ட் டர்னரும். தரைக்கு அடியில் கொதிகலன்கள், அவற்றுக்கு நிலக்கரி கொண்டுவர ஒரு சுரங்கப்பாதை. 1775-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனை போலத் தோற்றமளிக்கும் ஒரு சைக்காட் வகைத் தாவரம் இன்றும் அங்கே தொட்டியில் உயிரோடு இருக்கிறது.

கொதிகலன் இல்லாவிட்டாலும் கண்ணாடி வீடு பகலில் சூடாகும். ஏன்? நம் பள்ளிப் பாடம் சொன்ன பதில்: ஒளி கண்ணாடி வழியே உள்ளே வரும், மண்ணும் இலையும் அதை வாங்கிச் சூடாகி அகச்சிவப்புக் கதிராக வெளியிடும், அந்தக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முக்கியமான காரணம் இது இல்லை.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909-இல் இதைச் சோதித்தார். கறுப்பு அட்டையில் இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்குப் பாறை உப்புப் பலகையால் மூடி. பாறை உப்பு அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. பாடப்புத்தகம் சொல்வதுதான் முழுக் காரணம் என்றால் உப்பு மூடிப் பெட்டி சூடாகவே கூடாது. வெயிலில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சூடேறின. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒளி கிடைக்கும்படி செய்து பார்த்தபோது, வித்தியாசம் ஒரு டிகிரிகூட வரவில்லை. அப்படியானால் வேலை செய்தது எது? மூடி. திறந்த வெளியில் சூடான காற்று மேலே போய்விடும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும். கூரை இந்தப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறது. பாலித்தீன் தாளும் அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். அப்படியிருந்தும் அந்தத் தாளால் மூடிய பாலிஹவுஸ் பகலில் கொதிக்கிறதே, அதுவும் இதனால்தான்.

இரவில் கதை வேறு. அதைப் பார்க்கக் கொடைக்கானல் ஏற வேண்டும். மதுரையைவிட ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை நேரே வானத்துக்குக் கதிராக இழக்கும். சுற்றியுள்ள காற்றைவிட இலை அதிகம் குளிர்ந்து, விடிகாலையில் உறைபனி படிந்திருக்கும். பிரையண்ட் பூங்காவின் கண்ணாடி மாளிகை போன்ற இடத்தில் செடிக்கும் வானத்துக்கும் நடுவே கண்ணாடி நிற்கிறது. பாடப்புத்தகத்தின் அகச்சிவப்புக் கணக்கு இங்கே பலிக்கும்.

சரி, சமவெளிக்கு வருவோம். 40 டிகிரி வெயிலில் மூடிய கூரை செடியை அவித்துவிடும். தக்காளிக்கு 35 டிகிரி தாண்டினாலே மகரந்தம் கெட்டுப் பூ உதிர ஆரம்பிக்கும். அதனால் இங்கே எல்லாம் தலைகீழ். சூடான காற்று வெளியேற உச்சியில் திறப்பு வைக்கிறார்கள். கூரையை உயர்த்துகிறார்கள். செலவு செய்ய முடிந்தவர்கள் ஒரு பக்கம் ஈரத் தட்டியும் எதிர்ப்பக்கம் பெரிய விசிறியும் வைத்து, தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தைத் தின்னும்படி செய்கிறார்கள். காற்று வறண்டிருந்தால் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி அடைமழையில் பலன் குறைவு. என்னைக் கேட்டால், நம் பக்கத்துக்குக் கண்ணாடியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு நிழல்வலைதான். பாதி வெளிச்சத்தைத் தடுக்கும், காற்றை விடும், விலையும் கையைக் கடிக்காது.

திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. இந்த மாதிரி நாற்றங்கால்களில் 98 குழி கொண்ட கறுப்புத் தட்டுகளைப் பார்க்கலாம். குழிக்கு ஒரு விதை, மண்ணுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க்கழிவு. நாற்றைப் பிடுங்கினால் குழியின் வடிவத்திலேயே வேர்க்கட்டி முழுசாக வரும். நடும்போது வேர் அறுபடாது. பக்கவாட்டில் கட்டியிருக்கும் வலையின் கண்ணோ வெள்ளை ஈகூட நுழைய முடியாத அளவுக்குச் சிறியது. தக்காளிக்கு இலைச்சுருள் வைரஸைச் சுமந்து வருவது அந்த ஈதான். நாற்றாக இருக்கும்போதே அது தொற்றிவிட்டால், பிறகு எந்த மருந்தடித்தும் பயனில்லை. ஆனால் வலையின் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும், உள்ளே புழுக்கம் ஏறும். பூச்சிக்கும் புழுக்கத்துக்கும் நடுவே பேரம் பேசித்தான் வலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாற்று முற்றியதும் அப்படியே வயலுக்குத் தூக்கிவிடுவதில்லை. சில நாட்களுக்குத் தண்ணீரைக் குறைத்து, தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் வைத்துப் பழக்குவார்கள். அதற்குள் தண்டு தடித்து, இலையின் மேல் மெழுகுப் பூச்சு கூடிவிடும்.