அழைப்புக்கு ஏன் வரம்பு? திட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மறுபடியும் ஒரு கோபக் கடிதம். இந்த முறை டியூஷன் சென்டர் நடத்துபவர். காலையில் எங்கள் இணையச் சேவையில் கணக்கு தொடங்கி, மதியத்துக்குள் கையில் இருந்த அத்தனை பெற்றோரின் மின்னஞ்சல் முகவரிகளையும் ஏற்றி, ஒரே மூச்சில் ‘என் குழுவில் சேருங்கள்’ என்று மின்னஞ்சல் அழைப்பு அனுப்பப் பார்த்திருக்கிறார். எங்கள் சாஃப்ட்வேர் பாதியில் நிறுத்திவிட்டது. “வேண்டுமென்றே கிராக்கி ஏற்றுகிறீர்கள்” என்று வசை.

இந்தக் கிராக்கிக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். 2004இல் ஜிமெயில் வந்தபோது அழைப்பு இருந்தால்தான் கணக்கு. அந்த அழைப்பை ஈபே என்ற ஏலத் தளத்தில் காசுக்கு விற்றார்கள். 2020இல் கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலியும் அப்படித்தான் தொடங்கியது. சரி, விளம்பரத்துக்காகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் கிராக்கி ஏற்ற நினைப்பவர் வாசலைத்தானே மூடுவார்? இங்கே கணக்கு தொடங்க யாருக்கும் தடையில்லை. நேற்று வந்த கணக்கு இன்று எத்தனை பேருக்கு எங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்பதில்தான் வரம்பு. இரண்டும் வேறு வேறு. தயவுசெய்து குழப்பாதீர்கள்.

மோசடிக்காரர் செய்வதைச் சொல்கிறேன். இலவசக் கணக்கு ஒன்று தொடங்குவார். ‘குழுவின் பெயர்’ என்ற கட்டத்தில் “உங்கள் கேஒய்சி முடங்கியது, உடனே புதுப்பிக்கவும்” என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு லிங்க்கையும் ஒட்டுவார். பிறகு எங்கோ திருடிய முகவரிப் பட்டியலுக்கு அழைப்பு. போய்ச் சேரும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே அந்த வாசகம் இருக்கும். அனுப்புநர் முகவரி எங்களுடையது. மின்னஞ்சல் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் எல்லாம் சுத்தம். ஸ்பேம் வடிகட்டி எதைப் பிடிக்கும்? அழைப்பை யாரும் ஏற்கவே வேண்டாம், மின்னஞ்சல் போனாலே அவர் வேலை முடிந்தது. (பெயர்க் கட்டத்தில் லிங்க் எழுத விடும் டெவலப்பர்களோடு எனக்குத் தனிப் பஞ்சாயத்து இருக்கிறது.)

வாங்கியவர்கள் ஸ்பேம் என்று அழுத்துவார்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர்களுக்கு, அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கண்டிப்பு. ஆயிரத்துக்கு மூன்று பேர், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் எங்கள் டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) போகும் ஓடிபி, பாஸ்வேர்டு மாற்றும் கடிதம் எல்லாமே ஸ்பேமுக்குள் விழ ஆரம்பிக்கும். அப்புறம் “ஓடிபி வரவில்லை” என்று திட்டப்போவதும் நீங்கள்தான்.

ஆகவே, போனில் உள்ள தொடர்புகளை மொத்தமாக ஏற்றாதீர்கள். பிளம்பருக்கும் பழைய வீட்டு ஓனருக்கும் உங்கள் குழுவில் என்ன வேலை? முதலில் உங்கள் மின்னஞ்சலை உறுதிசெய்யுங்கள். அலுவலக டொமைன் இருந்தால் அதிலேயே பதியுங்கள். உண்மையில் வரப்போகிறவர்கள் நாலைந்து பேரை அழையுங்கள். அவர்கள் உள்ளே வந்து புழங்கினால் பல சேவைகளில் வரம்பு தானாகவே உயரும். அவசரமென்றால் ஆதரவுக் குழுவுக்கு யாரை, எதற்காக அழைக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். வரம்பைத் தாண்ட இரண்டாவது, மூன்றாவது கணக்கு தொடங்கினீர்களோ, மூன்றும் போகும்.

அழைப்பை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள். உள்ளே நுழையும் அவசரத்தை வைத்து ஏமாற்றுபவர்கள் உண்டு. 2021இல், கிளப்ஹவுஸ் ஆண்ட்ராய்டுக்கு வருவதற்கு முன்பே அதன் பெயரில் ஒரு போலிச் செயலி சுற்றியது. இறக்கியவர்களின் போனில் பாஸ்வேர்டு திருடும் பிளாக்ராக் வைரஸ் ஏறியது.

முன்பின் தெரியாத குழுவிலிருந்து உங்களுக்கே அழைப்பு வந்தால், ‘நிராகரி’ என்ற பொத்தானைக்கூடத் தொட வேண்டாம். ஸ்பேம் என்று குறித்துவிட்டு, அந்தச் சேவையின் புகார் முகவரிக்கு மின்னஞ்சலை அப்படியே அனுப்பிவையுங்கள். கணக்கை மூட எங்களுக்கு அது போதும்.