மாறிலி: மாறாததற்கு எதற்கு ஆண்டு?

'கான்ஸ்டன்ட்' என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு 'மாறிலி' முதலில் கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும். பிரித்தால் எளிது: மாறு + இலி. அறிவிலி, ஏதிலி, முடிவிலி ஆகியவற்றில் வருகிற அதே 'இலி'தான். மாறக்கூடியது மாறி, மாறாதது மாறிலி. எதிர்ச்சொல்லையும் கையோடு கூட்டிவருகிற கலைச்சொல் அபூர்வம். ('மாறி'யை 'மாரி' என்று எழுதினால் மழை கொட்டிவிடும், றகரத்தில் கவனம்.)

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கான்ஸ்டாரே' என்றால் உறுதியாக நிற்பது. அவர்கள் நிற்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் மாறாததைப் பார்த்து வைத்தோம்.

'மாறா எண்' அல்லது 'நிலை எண்' என்றால் போதாதா? கணக்கில் போதும், இயற்பியலில் இடிக்கும். ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். கிலோமீட்டரில் சொன்னால் 2,99,792.458. எண் மாறிவிட்டது, வேகம் மாறவில்லை. ஆக, மாறாமல் இருப்பது எண் அன்று, அளவு. ஒரு மோலில் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) எத்தனை துகள்கள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணையும் அவகாட்ரோ மாறிலியையும் பிரித்துச் சொல்வது இதனால்தான்: முன்னது வெறும் 6.02214076 × 10²³, பின்னது அதையே 'ஒரு மோலுக்கு' என்ற அலகோடு சொல்வது. மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்ணமைப்பு மாறிலி மாதிரி அலகே இல்லாதவையும் உண்டு. எந்த அலகு முறையில் கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ 137-இல் ஒரு பங்குதான்.

சரி, மாறாத ஒன்றின் மதிப்பைக் கட்டுரையில் எழுதும்போது பக்கத்தில் ஆண்டு எதற்கு? மாறிலி மாறாது, நாம் அளந்து வைத்திருக்கும் மதிப்பு மாறும். உலகம் முழுவதும் ஏற்கும் மதிப்புகளைக் கோடாட்டா என்ற அமைப்பு இப்போது ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு 2014 பட்டியலில் 6.67408(31) × 10⁻¹¹. 2018-இல் அது 6.67430(15) × 10⁻¹¹ ஆனது, 2022-இலும் அதேதான். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பெருக்கிவிடாதீர்கள். கடைசி இரண்டு இலக்கங்களில் ஏறத்தாழ 15 அளவுக்குக் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். இதைத்தான் நிச்சயமின்மை என்கிறோம். அடைப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்து எழுதுவது பாதிச் செய்தியைத் தொலைப்பது. ஆண்டையும் விட்டுவிட்டால், படிப்பவருக்கு அது எந்தக் காலத்துக் கணக்கு என்றே தெரியாது.

அடைப்பே இல்லாத மாறிலிகளும் இருக்கின்றன. 2019 மே 20 முதல், ஒளியின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல் விநாடி என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. அதுவரை பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளைதான் கிலோகிராம். இப்போது இந்த எண்ணிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். இத்தகைய மதிப்புக்குப் பக்கத்தில் 'துல்லியம்' என்று ஒரு சொல் போட்டால் போதும்.

காந்தப்புலக் கணக்குகளில் வரும் வெற்றிடத்தின் உட்புகுதிறன் என்ற மாறிலிக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அது துல்லியமாக 4π × 10⁻⁷ என்று பழைய பாடநூல்களில் இருக்கும். 2019-க்கு அப்புறம் அது அளந்து அறிய வேண்டியதாகிவிட்டது. எண் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அடைப்பு வந்து ஒட்டிக்கொண்டது.