மேமி: செவிலியும் இல்லை, ஆயாவும் இல்லை

ஆங்கில ‘mammy’ என்ற சொல்லைத் தமிழில் எழுத ஆரம்பிக்கும்போதே தகராறுதான். ‘மம்மி’ என்று எழுதினால் எகிப்துப் பிணம், இல்லையென்றால் கான்வென்ட் பிள்ளையின் அம்மா. ‘மாமி’ என்றால் நேரே மயிலாப்பூர். உச்சரிப்பு கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் பரவாயில்லை, மேமி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் இது முதலில் குழந்தைச் சொல். அம்மாவைக் கூப்பிடுவது, அவ்வளவுதான்; அயர்லாந்தில் இன்றும் அம்மாவை அப்படித்தான் அழைக்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில்தான் பொருள் திரும்பியது. அங்கே மேமி என்றால் வெள்ளை எஜமானரின் பிள்ளைகளை வளர்க்கும் கருப்பினப் பெண்: 1865 வரை அடிமையாக, அப்புறம் சொற்பக் கூலிக்கு. அதோடு ஓர் உருவமும் ஒட்டிக்கொண்டது. பருத்த உடம்பு, தலையில் கட்டிய துணி, எந்நேரமும் சிரிப்பு, எஜமானர் வீட்டுப் பிள்ளைகள் மேல் உயிர். அவளுக்கு ஒரு புருஷன் இருந்தானா, சொந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அந்தச் சித்திரம் கேட்பதே இல்லை.

அடிமை முறை ஒழிந்த பிறகுதான் இந்தப் பிம்பத்துக்கு மவுசு கூடியது. 1889இல் ஆன்ட் ஜெமைமா என்ற மேமி பாத்திரத்தின் பெயரில் பேன்கேக் மாவு விற்பனைக்கு வந்தது. அந்தப் பாத்திரமாக 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அடுப்படியில் நின்றவர், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன். பெயரை மாற்ற நிறுவனத்துக்கு 2021 வரை ஆனது. இதைவிடக் கசப்பானது 1923இல் நடந்தது. ‘விசுவாசமான அடிமை மேமிகளுக்கு’ வாஷிங்டனில் சிலை வைக்கலாம் என்று அமெரிக்க செனட் ஒப்புதல் தந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், கருப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொல்வதைத் தடுக்க வந்த மசோதாவை அதே செனட் பேசிப் பேசியே சாகடித்திருந்தது. கருப்பினப் பெண்கள் அமைப்புகளும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தன, சிலைத் திட்டம் கீழ்ச்சபையைத் தாண்டவில்லை.

சரி, நிஜ வாழ்க்கையில் என்ன? காலையில் வெள்ளையர் வீட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்ப முடியும். தன் பிள்ளைகளைப் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரியோ பார்த்துக்கொள்வார். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களையும் விவசாயக் கூலிகளையும் ஓய்வூதியத்திலிருந்து வெளியே வைத்தது. அவ்வளவு விசுவாசத்துக்கு அதுதான் மரியாதை! வேலையா குடும்பமா என்ற இழுபறி வசதியான வெள்ளைப் பெண்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு வந்த பிரச்சினை என்பதுபோல் பேசுகிறார்கள் இல்லையா, கருப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1984இலேயே அதைக் கேள்வி கேட்டார்: கருப்பினப் பெண்கள் எப்போதும் வெளியே உழைத்தவர்கள், தாய்மை அவர்களுக்கு விலங்காகத் தோன்றியதே இல்லை, வீட்டில் இருக்கக் கூடுதல் நேரம் கிடைக்காதா என்றுதான் ஏங்கினார்கள். பிள்ளை வளர்ப்பை ஆண்களும் அக்கம்பக்கமும் பங்குபோட வேண்டும் என்று அவர் பெண்ணியத்துக்குள் வைத்து எழுதினார். அது அவர்கள் தெருவில் ஏற்கனவே பாதி நடந்துகொண்டிருந்த விஷயம்.

இப்போது தமிழுக்கு வருவோம். பலரும் ‘செவிலித்தாய்’ என்று போட்டுவிடுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறது தொல்காப்பியம். நம் செவிலியின் மகள் சங்கப் பாட்டை விட்டு எங்கும் போகவில்லை, தலைவிக்குப் பக்கத்திலேயே நின்று வாய் நிறையப் பேசுகிறாள், தேவைப்பட்டால் தலைவனையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். மேமியின் மகளுக்கு அந்தச் சித்திரத்தில் இடமே இல்லை. ‘ஆயா’ கொஞ்சம் கிட்டே வரும். பிள்ளை வளர்ப்பவளைக் குறிக்கும் போர்த்துகீசிய ‘aia’ என்ற சொல்லிலிருந்து வந்து வெள்ளைக்காரர் பங்களாக்களில் புழங்கிய சொல். ஆனால் சில ஊர்களில் ஆயா என்றால் பாட்டி, தவிர அது ஒரு வேலையின் பெயர், பிம்பத்தின் பெயர் இல்லை.

என் யோசனை ‘விசுவாச ஆயா’. விசுவாசம் என்பது எஜமானர் தருகிற பட்டம், ஆகவே இது யார் கண்ணில் தெரிந்த உருவம் என்பது சொல்லிலேயே வந்துவிடும். வெறும் பெண்ணைக் குறிக்காமல் வார்ப்பைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘விசுவாச ஆயா பிம்பம்’ என்று நீட்டிக்கொள்ளலாம். சினிமா பற்றி எழுதும்போது மட்டும் மேமியை அப்படியே விடுங்கள். 1940இல் நடிகை ஹேட்டி மெக்டேனியலுக்கு ஆஸ்கர் கிடைத்தது ‘கான் வித் த விண்ட்’ படத்தின் மேமி வேடத்துக்கு. அந்தப் பாத்திரத்துக்குப் படத்தில் வேறு பெயரே கிடையாது.